6.5 கிரீட்மூர் தோட்டா

6.5 கிரீட்மூர் என்பது தொலைதூர இலக்குச் சுடுதலுக்காக அமெரிக்காவின் ஹார்னடி நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய ரைபிள் தோட்டா. பின்னர் வட அமெரிக்காவில் மான் வேட்டைக்கும் இது பரவலாகப் பயன்படலாயிற்று. இதன் குண்டின் விட்டம் 6.71 மி.மீ.; பித்தளைக் கூட்டின் நீளம் 48.8 மி.மீ. 1874இல் அமெரிக்க, அயர்லாந்து அணிகள் 1,000 கெஜம் வரையிலான தொலைவுகளில் போட்டியிட்ட, நியூயார்க் மாநிலத்துக் கிரீட்மூர் சுடுகளத்தின் பெயர் இதற்கு இடப்பட்டது.

தோற்றம்

ஹார்னடியின் எறியியல் வல்லுநர் டேவ் எமரியும் போட்டிச் சுடுநர் டென்னிஸ் டெமில்லும் இதன் உருவாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தனர். 6.5 மி.மீ. எனப்படும் குண்டு வகை அப்போது புதிதன்று. 1894ஆம் ஆண்டின் சுவீடன், நார்வே நாட்டுத் தோட்டாவான 6.5×55 ஸ்காண்டிநேவியாவில் மூஸ் வேட்டைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1997இல் .260 ரெமிங்டன் சந்தைக்கு வந்தது. ஆனால் நீண்டு ஒடுங்கிய குண்டுகளைப் பொருத்தினால், .308 வின்செஸ்டருக்கென அமைந்த மேகசினின் நீளத்துக்குள் அடங்குமாறு அவற்றை .260இன் கூட்டுக்குள் ஆழமாக அமிழ்த்த வேண்டியிருந்தது. கிரீட்மூரின் கூடு அதைவிட ஏறத்தாழ 3 மி.மீ. குட்டையானது, எனவே நீண்ட குண்டுக்கு இடம் கிடைத்தது.

பறப்பியல்பு

தொலைதூரத் தோட்டாவைத் தேர்வதில் குழல்வாயை விட்டுப் புறப்படும் வேகத்தைவிட, அந்த வேகத்தைக் குண்டு எவ்வளவு தூரம் காத்துக்கொள்கிறது என்பதே முக்கியம். காற்றுத்தடையை வெல்லும் இத்திறனை எறியியல் கெழு குறிக்கிறது. எடையொத்த குண்டுகளில் ஒடுங்கி நீண்டதற்குக் கெழு கூடும். ஆனால் நீண்ட குண்டு நிலைகுலையாமல் பறக்க வேகமான சுழற்சி தேவை. அதனால் கிரீட்மூர் குழல்களின் மரை வழக்கமாக 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக வெட்டப்படுகிறது.

1952இல் வந்த .308 வின்செஸ்டருடன் ஒப்பிட்டால் இது தெளிவாகும். அதன் 168 கிரெயின் எடையுள்ள போட்டிக் குண்டு, கிரீட்மூரின் 140 கிரெயின் குண்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலுடன் புறப்படுகிறது. 450 மீட்டரை எட்டும்போது இரண்டின் ஆற்றலும் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. 1,000 மீட்டரில் .308 குண்டு ஒலியின் வேகத்தை ஒட்டி இறங்கித் தடுமாறக்கூடும். கிரீட்மூர் குண்டு அப்போதும் ஒலியை முந்தியே செல்கிறது. பக்கக்காற்றில் விலகுவதும் துப்பாக்கியின் பின்னுதைப்பும் கிரீட்மூரில் குறைவு. குழல் தேய்மானத்தில் மட்டும் .308 மேலானது, அதன் குழல் கூடுதல் காலம் உழைக்கும்.

வேட்டையில்

காகித இலக்கில் துளை விழுந்தால் போதும். விலங்கைக் குண்டு விரைவில் வீழ்த்த வேண்டும். மானுக்கு 1,350 ஜூல், எல்க் போன்ற பெருவிலங்குக்கு 2,000 ஜூல் ஆற்றல் வேண்டும் என்பது அமெரிக்க வேட்டைக்காரரின் நடைமுறைக் கணக்கு. இதன்படி கிரீட்மூரின் எல்லை மானுக்கு ஏறத்தாழ 600 மீட்டர், எல்க்குக்கு ஏறத்தாழ 300 மீட்டர். விலங்கின் உடலில் விரிந்து ஆழமாக ஊடுருவும் வேட்டைக் குண்டே இதற்கு ஏற்றது. போட்டிக் குண்டு அவ்வாறு சீராக விரியும் என்று நம்ப முடியாது. காற்றின் போக்கைத் தவறாகக் கணித்தாலோ விலங்கு ஓரடி நகர்ந்தாலோ குண்டு காயப்படுத்துவதோடு நின்றுவிடும். ஆகவே களத்தில் உகந்த தொலைவு, கணக்கு காட்டும் எல்லையைவிட மிகவும் குறைவு. சுடுபவரின் பயிற்சியே அதை வரையறுக்கிறது.

தேர்வு

நடுத்தர விலங்குகளுக்கும் நீண்ட நேர இலக்குப் பயிற்சிக்கும் கிரீட்மூர் பொருந்தும். பெருவிலங்குகளைத் தொலைவில் வேட்டையாடுவோர் .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற வலிய தோட்டாக்களை நாடுகின்றனர். அவற்றின் விலையும் உதைப்பும் மிகுதி. உதைப்புக்கு அஞ்சித் தோளைச் சுருக்குபவரின் குறி பிசகும். ஆதலால் விலங்குக்குப் போதுமான ஆற்றலுடையவற்றுள், சுடுபவர் தடுமாறாமல் கையாளக்கூடிய தோட்டாவே சரியான தேர்வு.