முத்தையா முரளிதரன்

முத்தையா முரளிதரன் (பிறப்பு: 17 ஏப்ரல் 1972, கண்டி) இலங்கை கிரிக்கெட் அணியின் வலக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 1992 முதல் 2011 வரை 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளையும் 350 ஒருநாள் ஆட்டங்களில் 534 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். இரண்டும் உலக சாதனைகள். ஆங்கிலத்தில் இவர் பெயரை எப்படி எழுதுவது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது; தமிழில் அந்தத் தொல்லை இல்லை.

குடும்பமும் பாடசாலையும்

மலையகத் தமிழ்க் குடும்பம். பாட்டனார் 1920இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். தந்தை முத்தையா, கண்டிக்கு அருகே குண்டசாலைப் பகுதியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். நான்கு ஆண் பிள்ளைகளில் முரளி மூத்தவர். 1977 இனக் கலவரத்தில் தொழிற்சாலை எரிக்கப்பட்டது, தந்தை வெட்டுக் காயம் பட்டார். அப்போது முரளிக்கு ஐந்து வயது. தொழிற்சாலையை மறுபடி எழுப்பினார்கள். குடும்பம் கண்டியை விட்டு நகரவில்லை.

பெனடிக்ட் சபைத் துறவிகள் தொடங்கிய கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். அங்கே முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லிச் சுழலுக்கு மாறினார். 1990/91 பருவத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்து, அவ்வாண்டின் சிறந்த பாடசாலை வீரராகத் தெரிவானார். பிறகு கொழும்பின் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1899இல் தொடங்கிய அக்கழகத்தின் மைதானம்தான் பி. சரவணமுத்து விளையாட்டரங்கு, ஊர் வழக்கில் ‘சரா ஓவல்’. 28 ஆகஸ்ட் 1992இல் கொழும்பு கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்டில் இறங்கினார். முதல் விக்கெட் கிரேக் மெக்டெர்மொட், எல்.பி.டபிள்யூ.

இலங்கையில் டெஸ்ட் ஆட்டம் கண்ட மைதானங்கள் யாவும் கொழும்பு, மொறட்டுவை, கண்டி, காலிப் பக்கங்களில் உள்ளவை. வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றுகூட இல்லை. திருகோணமலைத் துறைமுக நகரின் ஏகாம்பரம் மைதானத்திலும் மெக்கெய்சர் விளையாட்டரங்கிலும் பந்து பழகிய பிள்ளைகளுக்கு முரளி வானொலியில் கேட்ட பெயர், தொலைக்காட்சியில் பார்த்த முகம்.

பந்துவீச்சு முறை

வலக்கைத் துடுப்பாட்டக்காரருக்கு வெளியே குத்தி உள்ளே திரும்பும் பந்து ஓஃப் பிரேக். வழக்கமாக அதை விரல்களால் சுழற்றுவார்கள். முரளி மணிக்கட்டால் சுழற்றினார். லெக் ஸ்பின் வீசுவோரே பெரும்பாலும் மணிக்கட்டை நம்புவதால், இவரை எந்த வகையில் சேர்ப்பது என்பதே எழுதுவோருக்குச் சிக்கல். மணிக்கட்டு ஓஃப் ஸ்பின்னர் என்று தனி வகை வைப்பதுதான் பொருத்தம். நாலைந்து துள்ளல் அடிகளில் ஓடி வருவார். நெஞ்சு துடுப்பாட்டக்காரரை நேரே பார்த்திருக்கும். பந்தை விடும் கணத்தில் கண்கள் வெளியே வந்துவிடும்போல விரியும், மணிக்கட்டு கதவுத் தாழ்ப்பாள்போல் சட்டென்று மடங்கித் திரும்பும். மற்றவர்களின் பந்து திரும்பாத ஆடுகளத்திலும் அவர் பந்து திரும்பியதற்கு அந்த மணிக்கட்டும் தளர்ந்த தோள் மூட்டுமே காரணம்.

பிற்பாதியில் ‘தூஸ்ரா’வைச் சேர்த்துக்கொண்டார். அதே கை அசைவில் வந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து அது. பெயர் உருதுச் சொல், ‘மற்றது’ என்று பொருள். பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக்கால் பரவியது என்றாலும், முரளியின் கையில்தான் அது துடுப்பாட்டக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தது.

முழங்கை

முரளியின் வலது முழங்கை பிறவியிலேயே முழுவதும் நீளாது. 26 டிசம்பர் 1995 மெல்பேர்ண் டெஸ்டில் நடுவர் டரல் ஹெயார் முரளி பந்தை எறிகிறார் என்று மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை நோ-போல் கூவினார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்ற, அங்கு நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் வாய் திறக்கவில்லை. ஒரே கை, ஒரே நாள், முனை மாறியதும் குற்றம் மறைந்தது! அடுத்த மாதம் பிரிஸ்பேனிலும் 1999இல் அடிலெய்டிலும் நடுவர் ரொஸ் எமர்சன் அதையே செய்தார். அடிலெய்டில் ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். மேற்கு அவுஸ்திரேலியா, ஹொங்கொங் பல்கலைக்கழகங்களின் சோதனைகள் அவரை விடுவித்தன. கை வளைந்திருக்கிறது, எறியவில்லை என்பதே முடிவு.

2004இல் தூஸ்ரா மீது மறுபடி புகார் வந்தது. அவ்வாண்டு உருக்குக் கம்பி பதித்த, ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கவசத்தை முழங்கையில் பூட்டி, கை மடங்கவே முடியாத நிலையில் கமெராவின் முன் வீசிக் காட்டினார். பந்து அப்போதும் திரும்பியது. 2005இல் சர்வதேச கிரிக்கெட் சபை எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை முழங்கை நிமிரலாம் என்று விதித்தது. வேகப்பந்து வீச்சாளர்களின் கையும் நிமிர்கிறது என்பது அளந்து பார்த்த பிறகே தெரிந்தது.

முக்கிய ஆட்டங்கள்

1996 உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். 1998இல் இலண்டன் ஓவலில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகள் எடுத்து இங்கிலாந்தைக் கவிழ்த்தார். முரளிக்கு இரு இன்னிங்ஸுக்கும் இடையில் ஓய்வு வேண்டுமென்று ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்றும் எதிரணியைத் துடுப்பெடுத்தாட விட்டார். 2002 ஜனவரியில் கண்டி அஸ்கிரியவில் சிம்பாப்வேக்கு எதிராக 51 ஓட்டங்களுக்கு 9. பத்தாவதற்கான பிடியை ரசல் ஆர்னல்ட் நழுவவிட, கடைசி விக்கெட் சக வீச்சாளர் வாஸுக்குப் போனது. டிசம்பர் 2007இல் அதே அஸ்கிரியவில் ஷேன் வோர்னின் 708 டெஸ்ட் விக்கெட் சாதனையைத் தாண்டினார். அவுஸ்திரேலிய மண்ணில் மட்டும் ஐந்து டெஸ்டுகளில் 12 விக்கெட்டுகள்தான். அங்கு அவருக்கு வாய்த்த வரவேற்பையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

கடைசி டெஸ்ட் காலியில், இந்தியாவுக்கு எதிராக. 800ஐத் தொட எட்டு விக்கெட்டுகள் தேவைப்பட்ட நிலையில், முன்கூட்டியே ஓய்வை அறிவித்துவிட்டு இறங்கியவர், 799இல் நின்றார். மறுமுனையில் வீசும் எவரும் கடைசி விக்கெட்டை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. 22 ஜூலை 2010இல் இந்திய வீரர் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்து ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தனவிடம் போனது. முரளியின் பந்தில் மஹேல பிடித்த 77ஆவது பிடி அது.

இயல்பு

வாயாடி, சிரித்த முகம். 2006இல் கிறைஸ்ட்சேர்ச்சில் அணித்தோழர் சங்கக்கார சதமடித்ததும், பந்து இன்னும் ஆட்டத்தில் இருப்பதை மறந்து அவரைக் கட்டிப்பிடிக்க ஓடி ரன் அவுட் ஆனார். 2004 சுனாமி அன்று பரிசளிப்புக்காகச் சீனிகமவுக்குப் போகச் சற்றுத் தாமதித்ததால் தப்பினார். பிறகு தன் செலவில் லொறி வரிசைகளை அமர்த்தி உணவு அனுப்பினார். அவரது அரசியல் பேச்சுகள் தமிழரிடையே கசப்பை உண்டாக்கியதுண்டு. அந்தக் கசப்பால் 2020இல் முரளியின் வாழ்க்கைப் படத்திலிருந்து நடிகர் விஜய் சேதுபதி விலகினார். படம் ‘800’ என்ற பெயரில் 2023இல் வெளியானது.

ஐ.பி.எல். தொடரில் பயிற்றுநராகவும் இருந்துள்ளார்.