சாமிக்கண்ணு வின்சென்ட்

சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942) கோயம்புத்தூரைச் சேர்ந்த திரைப்படத் தொழில் முன்னோடி. தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டிய முதல் இந்தியர்களுள் ஒருவர். கோவையில் 1914-ஆம் ஆண்டு வெரைட்டி ஹால் என்னும் திரையரங்கைக் கட்டினார். பேசும்பட காலத்தில் தயாரிப்பிலும் படப்பிடிப்புத் தள முதலீட்டிலும் ஈடுபட்டார்.

ரயில்வே வேலையும் பிரெஞ்சுக்காரரின் கருவியும்

கோவையில் பிறந்த வின்சென்ட், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக வேலை பார்த்தார். மாதச் சம்பளம் 25 ரூபாய் என்று பதிவுகள் கூறுகின்றன. 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படக் கருவியுடன் திருச்சிக்கு வந்தார். இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் சில துண்டுப் படங்களும் அவரிடம் இருந்தன. உடல்நலம் குன்றியதால் ஊர் திரும்ப முடிவு செய்த அவர், கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். வாங்கியவர் வின்சென்ட்.

விலை சுமார் 2,250 ரூபாய் எனப்படுகிறது. இது அவருடைய ஏழரை ஆண்டுச் சம்பளம். ரயில்வே உத்தியோகம் என்பது அக்காலத்தில் ஆயுளுக்கும் சோறு போடும் வேலை. அதை உதறிவிட்டு, நாளைக்கு நிலைக்குமா என்று யாருக்கும் தெரியாத ஒரு வேடிக்கைப் பொருளில் இருபத்திரண்டு வயது இளைஞர் இவ்வளவு பணத்தைப் போட்டார். சினிமாவைத் தொழிலாக எண்ணிப் பார்க்க அன்று அவருக்கு முன்மாதிரியாக இங்கே யாரும் இல்லை.

கூடாரக் காலம்

வின்சென்ட் முதலில் திருச்சியில் படம் காட்டினார். பின்னர் தென்னிந்திய ஊர்களிலும், வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மாவிலும் அவருடைய கூடாரம் சென்றது. ரயில் பாதை இருந்த ஊர்களுக்கெல்லாம் கருவியையும் கூடாரத்தையும் கொண்டுபோக முடிந்தது. அந்த வகையில், அவர் விட்டு வந்த ரயில்வேதான் அவருடைய புதிய தொழிலையும் தாங்கியது எனலாம்.

அன்றைய படங்கள் சில நிமிடங்களே ஓடுபவை, ஒலி கிடையாது. கருவியைக் கையால் சுற்ற வேண்டும். ஒரே படத்தை ஒரே ஊரில் நெடுநாள் காட்டினால் கூட்டம் வராது. புதிய படச்சுருள் வாங்கவோ பணம் அதிகம். எனவே படத்தை மாற்றுவதைவிட ஊரை மாற்றுவதே மலிவு. கூடாரக்காரர்கள் அலைந்ததற்கு இந்தக் கணக்கே காரணம். 1909-இல் சென்னையில் முகாமிட்டபோது வின்சென்ட் பிரான்சின் பாத்தே நிறுவனக் கருவிகளுக்கு முகவராகவும் ஆனார். படம் காட்டுபவராக இருந்தவர், பிறரும் இத்தொழிலுக்கு வர வழி செய்தார்.

வெரைட்டி ஹால்

சொந்த ஊருக்குத் திரும்பிய வின்சென்ட் 1914-இல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். 'தென்னிந்தியாவின் முதல் திரையரங்கு' என்று இது பலவிடங்களில் குறிக்கப்படுகிறது. இதைச் சற்றுக் கவனத்தோடு கொள்ள வேண்டும். சென்னை மவுண்ட் ரோட்டில் ஆங்கிலேயரான வார்விக் மேஜர் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர் இதற்கு முந்தையது. ரகுபதி வெங்கையாவின் கெயிட்டி அரங்கும் ஏறத்தாழ இதே காலத்தில் எழுந்தது. இந்தியர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தர அரங்குகளுள் ஒன்று என்பதே பொருத்தம். மாகாணத் தலைநகரில் அல்லாமல், பஞ்சாலைகள் வளர்ந்துகொண்டிருந்த ஒரு மாவட்ட நகரில் இது எழுந்தது என்பது 'முதல்' என்ற பட்டத்தைவிட முக்கியமான செய்தி.

அரங்கு நடக்க மின்சாரம் வேண்டும். பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1932-இல்தான். அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பு, அரங்குக்காரர் தமக்கான மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. படம் ஓடாத பகல் நேரத்தில் எந்திரம் சும்மா நிற்பது நட்டம். வின்சென்ட் மின்விசையில் இயங்கும் அச்சகத்தையும் அரிசி ஆலையையும் தொடங்கினார். அரங்கிருந்த சாலைக்கு மின்விளக்கு கிடைத்ததும் அவரால்தான் என்று கோவை வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. துண்டறிக்கை இல்லாமல் சினிமாவுக்குக் கூட்டம் சேராத காலம் அது. ஆகவே அச்சகமும் அரங்குக்கு அயலான தொழில் அல்ல.

பேசும்படமும் கோவையின் ஸ்டுடியோக்களும்

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931-இல் வந்தது. ஐம்பது வயதை எட்டிய வின்சென்ட், கல்கத்தாவின் பயனியர் பிலிம் கம்பெனியுடன் சேர்ந்து வள்ளி திருமணம் (1933) படத்தைத் தயாரித்தார். டி. பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த அப்படம் நல்ல வசூல் பெற்றது.

தமிழ்ப் படமெடுக்க பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போக வேண்டியிருந்த நிலை கோவை முதலாளிகளை யோசிக்க வைத்தது. 1930-களின் நடுவில் பி. ரங்கசாமி நாயுடு முதலியோர் சென்ட்ரல் ஸ்டுடியோவை நிறுவினர். அதன் முதலீட்டாளர்களுள் வின்சென்டும் ஒருவர். எம். கே. தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸ் (1944), எம்.ஜி.ஆர். முதன்முதலில் நாயகனாக நடித்த ராஜகுமாரி (1947) ஆகியவை அங்கே உருவாயின. இவற்றைக் காண வின்சென்ட் இல்லை. 1942 ஏப்ரலில் அவர் காலமானார்.

வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் என்று பெயர் மாறி, நூற்றாண்டைக் கடந்தும் நின்று, அண்மைக் காலத்தில் இடிக்கப்பட்டது. கோவை ரயில் நிலையத்துக்கு அருகே அது இருந்த சாலை இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றே வழங்குகிறது.