பார்வை தெளிவாக இருந்தாலும் கண் பரிசோதனை ஏன்? சர்க்கரை நோய் கண்ணையும் மூளையையும் தாக்குவது எப்படி?

"பார்வை நல்லாத்தானே இருக்கு, எதுக்கு கண் டாக்டர்?" சர்க்கரை நோய்க்கு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிடும் பலர் கேட்கும் கேள்வி இது. கடலூர், சிதம்பரம் பகுதியிலும் இதே கதைதான். ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்ப்பார்கள், மாத்திரை வாங்குவார்கள். கண்ணை மட்டும் மங்கிய பிறகே டாக்டரிடம் காட்டுவார்கள்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, உறுத்தாது, பார்வையையும் குறைக்காது. பார்வை மங்கும்போது அந்தப் பாதிப்புக்குப் பல வருஷம் வயதாகியிருக்கலாம். அதே போன்ற மெல்லிய ரத்த நாளங்கள் மூளைக்குள்ளும் இருக்கின்றன என்பதால் இது கண்ணோடு முடிகிற விஷயமும் இல்லை.

எத்தனை பேருக்கு இந்த ஆபத்து?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 'இந்தியாப்' ஆய்வு முடிவுகள் 2023ல் வெளியாகின. அதன்படி நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் உள்ளது. தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

இவர்களில் எத்தனை பேருக்கு கண் பாதிப்பு? 2022ல் வெளியான 'ஸ்மார்ட் இந்தியா' ஆய்வு 40 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பது அதில் தெரிந்தது. இது 8 பேரில் ஒருவர். பார்வையே பறிபோகும் அளவுக்கு முற்றிய நிலையில் 4 சதவீதம் பேர் இருந்தனர்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கேமராவில் படம் பதியும் இடம் போல, கண்ணின் பின்புறம் இருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. அதற்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்கள் தலைமுடியை விட மெல்லியவை.

ரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் அதிகமாக இருந்தால், இந்த நாளங்களின் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் செல்கள் அழிகின்றன. பலவீனமான சைக்கிள் டியூப் ஒரு இடத்தில் புடைப்பது போல நாளத்தின் சுவர் புடைக்கிறது. அதிலிருந்து ரத்தமும் நீரும் கசிகின்றன. பார்வையின் மையப்பகுதியான 'மேக்குலா'வில் நீர் கோத்தால் எழுத்து மங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும்.

சில நாளங்கள் முழுவதும் அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, புது நாளங்களை வளரச் சொல்லி சிக்னல் அனுப்பும். அப்படி அவசரத்தில் முளைக்கும் நாளங்கள் பலவீனமானவை. அவை உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். தழும்பு இழுத்து விழித்திரையே பிய்ந்து வரவும் வாய்ப்பு உண்டு.

மூளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கரு வளரும்போது விழித்திரை உருவாவது மூளையாக வளரும் அதே திசுவிலிருந்துதான். இரண்டின் நுண் ரத்த நாளங்களும் அமைப்பில் ஒத்தவை. தேவையில்லாத பொருட்கள் ரத்தத்திலிருந்து உள்ளே போகாமல் தடுக்கும் இறுக்கமான தடுப்பும் இரண்டிலும் உண்டு. சர்க்கரையும் உயர் ரத்த அழுத்தமும் இந்தத் தடுப்பைச் சேதப்படுத்துகின்றன.

மூளையின் ஆழமான பகுதியில் நுண் நாளம் அடைத்தால் அங்கே ஒரு சிறு புள்ளி அளவு திசு செத்துப்போகும். இது சின்ன பக்கவாதம். பல நேரங்களில் நோயாளிக்கே தெரியாது. இப்படிப் பல புள்ளிகள் சேரும்போது யோசனை மெதுவாகும், வரவு செலவுக் கணக்கில் தடுமாற்றம் வரும், நடை தளரும். "வயசாயிடுச்சு" என்று வீட்டில் விட்டுவிடும் அறிகுறிகள்தான் இவை.

அமெரிக்காவில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விழித்திரையைப் படமெடுத்துத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2001ல் 'லான்செட்' இதழில் வெளியானது. விழித்திரையில் ரத்தக்கசிவு போன்ற அடையாளங்கள் இருந்தவர்களுக்குப் பின்னாளில் பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம் என்று அது காட்டியது.

அப்படியானால் கண்ணில் பாதிப்பு இருந்தால் மறதி நோய் வந்தே தீருமா? இல்லை. கண் படத்தை வைத்து மறதி நோயை உறுதி செய்யவும் முடியாது. ஆனால் உடலில் நுண் நாளங்களை வெட்டித் திறக்காமல் நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரை. அங்கே கசிவு தெரிந்தால், "மற்ற இடங்களையும் கவனியுங்கள்" என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளலாம். மறதி நோயைத் தடுப்பது பற்றி 2024ல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. அதில் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், சிகிச்சை தராமல் விட்ட பார்வைக் குறைபாடு மூன்றும் இருக்கின்றன.

எப்போது பரிசோதிக்க வேண்டும்?

* டைப் 2 சர்க்கரை நோய்: நோய் தெரிந்த உடனேயே. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே சில வருஷம் உடலில் இருந்திருக்கலாம் என்பதே காரணம்.
* டைப் 1: நோய் வந்த 5 ஆண்டுகளுக்குள்.
* சர்க்கரை நோய் உள்ள பெண் கருவுற்றால்: முதல் மூன்று மாதங்களிலேயே.
* அதன் பிறகு பொதுவாக வருஷத்துக்கு ஒரு முறை. பாதிப்பு இருந்தால் டாக்டர் சொல்லும் இடைவெளியில்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரிய வைத்து உள்ளே பார்க்க வேண்டும், அல்லது விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும்.

கடலூர், சிதம்பரம் மக்கள் எங்கே போகலாம்?

சர்க்கரை, பிபி பரிசோதனையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்துகொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வீடு தேடி வந்தாலும் விழித்திரைப் பரிசோதனைக்கு நாம்தான் போக வேண்டும்.

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைநகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்து 2021ல் அரசு வசமான கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மரும் உண்டு.

சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கிட்டத்துப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அதனால் பைக் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்சில் போவது நல்லது.

பாதிப்பு இருந்தால் சிகிச்சை உண்டா?

உண்டு. ஆரம்ப நிலையில் சர்க்கரை, பிபியைக் கட்டுக்குள் வைத்தாலே வேகம் குறையும். முற்றினால் லேசர், கண்ணுக்குள் போடும் ஊசி, அறுவை சிகிச்சை ஆகியவை இருக்கின்றன. பெரும்பாலும் இவை மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றுபவை. போன பார்வை முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் போக வேண்டும் என்பது இதனால்தான்.

கண்ணையும் மூளையையும் சேர்த்துக் காப்பது எது?

பலர் சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு பிபியை மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனின் 'யுகேபிடிஎஸ்' ஆய்வு 1998ல் சொன்ன தகவல் முக்கியமானது. சர்க்கரை நோயாளிகளில் பிபியைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய குழுவில் பக்கவாதம் 44 சதவீதமும், கண் உள்ளிட்ட நுண் நாள பாதிப்புகள் 37 சதவீதமும் குறைந்தன.

மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, பலருக்கு 7க்குக் கீழே இருப்பது இலக்கு. ஆனால் வயதானவர்களுக்கு இலக்கைச் சற்று தளர்த்தி வைப்பார்கள். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் அதுவும் மூளைக்கு ஆபத்து. எனவே மாத்திரையையோ இன்சுலினையோ நாமாகவே கூட்டக் கூடாது. புகையை நிறுத்துவது, கொழுப்பைக் கட்டுப்படுத்துவது, தினமும் நடப்பது எல்லாம் இரண்டு உறுப்புக்கும் நல்லது.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள் என்ன?

* திடீரென கண் முன் கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, திரை இறங்கியது போல மறைப்பது, ஒரு கண் பார்வை போவது: அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.
* வாய் கோணுவது, ஒரு கை அல்லது கால் செயலிழப்பது, பேச்சு குழறுவது: இது பக்கவாதம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் போகும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள்: "என் பிபி எவ்வளவு? விழித்திரையைக் கடைசியா எப்போ பார்த்தோம்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்தப் பரிசோதனையை இனி தள்ளிப்போட வேண்டாம்.