குள்ளம் இரத்தத்தின் குறையா?

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் உலகறிந்தது. அதன் அடிமரம் 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவுள்ளது. அந்த மரத்தைக் காட்டிலும் நாம் நினைவில் வைக்கத்தக்க வரலாறொன்றும் மன்னார்க் கரைக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பஞ்சமும் கடனும் துரத்தக் கங்காணிகளின் பின்னே தோணியேறிய தமிழக உழைப்பாளிகளில் மிகப் பலர் இக்கரையில்தான் இறங்கினார்கள். இங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழிநெடுக அவர்களைப் பலிகொண்டன. எஞ்சியவர்களின் உழைப்பில் மலைநாடு முதலிற் கோப்பித் தோட்டமாகவும், பின்னர் தேயிலைத் தோட்டமாகவும் மாறியது.

அவர்களுடைய சந்ததியின் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள்? 2016ஆம் ஆண்டில் இலங்கை முழுவதும் எடுக்கப்பட்ட சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர். தோட்டப் பகுதியிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர்!

‘அது அவர்கள் பரம்பரை உடல்வாகு’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோர் உண்டு. விஞ்ஞானம் இதை ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து பார்த்தது. தாய்ப்பாலும் நல்லுணவும் சுகாதாரமான சூழலும் பெற்ற குழந்தைகள் எந்த நாட்டில் பிறந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவாகவே வளர்ந்தனர்.

எனவே, குறை இரத்தத்தில் இல்லை. வாழ்க்கை நிலையில் இருக்கிறது. இரத்தசோகையோடு கொழுந்து பறிக்கும் கர்ப்பிணி எடை குறைந்த குழந்தையைப் பெறுகிறாள். ஆறு மாதத்துக்குப் பின் அக்குழந்தைக்குச் சோறு கிடைக்கிறது; மீனும் முட்டையும் பருப்பும் போதிய அளவு கிடைப்பதில்லை. லயன் அறையின் நெருக்கமும் அசுத்த நீரும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகின்றன. உண்ட சொற்பமும் உடலில் ஒட்டுவதில்லை. கருவுற்ற நாள்முதல் இரண்டு வயது வரை இழந்த வளர்ச்சியைப் பின்னர் மீட்பது கடினம். இவ்வாறு குன்றி வளர்ந்த சிறுமி நாளை தாயாகும்போது, அவள் குழந்தையும் சிறுத்தே பிறக்கிறது. பாட்டியின் பசி பேத்தியின் உயரத்திலும் தெரிகிறது.

இதை விதியென்று கொள்ள வேண்டியதில்லை. இலங்கையில் 1946இல் ஆயிரம் சிசுக்களுக்கு 141 ஆயிருந்த மரண விகிதம் 1960இல் 57 ஆகக் குறைந்தது. மலேரியா ஒழிப்பு, கிராமம்தோறும் மருத்துவமனை, மலிவு விலைப் பங்கீட்டரிசி, இலவசக் கல்வி ஆகியவை அதற்குத் துணைநின்றன. அதே காலத்தில்தான், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்களுடைய மருத்துவமும் பள்ளிக்கூடமும் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் தயவிலேயே கிடந்தன.

வாக்குரிமை பறிக்கப்பட்டவனின் பிள்ளைக்குப் பாலுக்காக வாதாடச் சட்டசபையில் யார் இருந்தார்கள்? உயரக் குறைவை மருத்துவரிடம் மட்டும் விட்டுவிடலாகாது. கூலி, குடிநீர், குடியிருப்பு, தாயின் கல்வி ஆகியவற்றோடு சேர்த்து அதை வகுப்பறையில் வரலாற்றுப் பாடமாகவே கற்பிக்க வேண்டும். கடைசி வரிசையில் இருக்க வேண்டிய உயரமின்றி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையை, ஆசிரியர் அப்போதுதான் சரியாகப் புரிந்துகொள்வார்.