மாசசூசெட்ஸ் ஆளுநர் தேர்தல், 1839

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1839 நவம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் மார்க்கஸ் மோர்ட்டன், பதவியிலிருந்த விக் கட்சி ஆளுநர் எட்வர்ட் எவரெட்டைத் தோற்கடித்தார். ஒற்றை வாக்கில் முடிவான தேர்தல் என்று இது பேர்பெற்றது. ஆனால் எவரெட்டைவிட மோர்ட்டன் 309 வாக்குகள் கூடுதலாகவே பெற்றிருந்தார்.

அன்றைய மாநில விதிப்படி, போட்டியாளரை முந்தினால் மட்டும் போதாது. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற வேண்டும். யாருக்கும் அது கிட்டாவிட்டால் தேர்வு சட்டமன்றத்தின் கைக்குப் போகும். பதிவானவை 1,02,066 வாக்குகள். அதில் பாதி 51,033. மோர்ட்டனுக்குக் கிடைத்தவை 51,034; எவரெட்டுக்கு 50,725; எஞ்சிய 307 வேறு பெயர்களுக்குச் சிதறின. மோர்ட்டனின் ஆதரவாளர்களில் ஒருவர் மனம் மாறி வேறு பெயருக்கு வாக்களித்திருந்தால் அவருக்குப் பெரும்பான்மை இல்லை.

மோர்ட்டன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. 1828 முதல் ஆண்டுதோறும் நின்று தோற்றுவந்தவர். அந்த முறை காற்றைத் திருப்பியது சாராயம்தான். 15 கேலனுக்குக் குறைவாகச் சாராயத்தைச் சில்லறையில் விற்கக் கூடாது என்ற 1838ஆம் ஆண்டுச் சட்டத்தில் எவரெட் கையெழுத்திட்டிருந்தார். 15 கேலன் என்றால் ஏறத்தாழ 57 லிட்டர். பணக்காரர் பீப்பாயாக வாங்கி வீட்டில் இறக்கிக்கொள்ளலாம். கூலிக்காரருக்கு ஒரு கோப்பைகூடக் கிடையாது. மக்கள் கொதித்தது மதுவுக்காக மட்டுமல்ல, இந்தப் பாகுபாட்டுக்காகவும்தான். டெட்ஹாம் ஊரில் ஒருவர் பன்றிக்குக் கோடுகள் தீட்டி, அதைப் பார்க்கக் கட்டணம் வசூலித்து, வந்தவர்களுக்கு ரம்மை இலவசமாகக் கொடுத்துச் சட்டத்துக்குத் தண்ணி காட்டினார். ‘கோடு போட்ட பன்றி’ மாநிலமெங்கும் பேச்சானது.

முடிவை எதிர்க்கும்படி எவரெட்டைச் சிலர் தூண்டினார்கள். அவர் மறுத்துவிட்டார். வெற்றி பெற்றவரைவிட இந்தத் தேர்தலில் அதிகம் போற்றத்தக்கவர் அவரே. பின்னாளில் அமெரிக்க வெளியுறவுச் செயலராகவும் உயர்ந்த அவர், 1863இல் கெட்டிஸ்பர்க்கில் குடியரசுத் தலைவர் லிங்கன் பேசுவதற்கு முன்பாக இரண்டு மணி நேரம் உரையாற்றினார்.

மோர்ட்டன் 1840 ஜனவரியில் பதவியேற்றார். அந்த ஆண்டே மதுச் சட்டம் நீக்கப்பட்டது. அப்போது ஆளுநரின் பதவிக்காலம் ஓராண்டுதான். அடுத்த தேர்தலில் விக் கட்சியின் ஜான் டேவிஸ் அவரை வீழ்த்தினார். 1842 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போக, சட்டமன்றம் மோர்ட்டனையே தேர்ந்தெடுத்தது. பாதிக்கு மேல் வேண்டும் என்ற விதி 1855இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் கைவிடப்பட்டது.