'யாராவது பார்த்துட்டா?': ஏஏ கூட்டத்துக்கு முதல் முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"நாளையில இருந்து தொட மாட்டேன்." குடியால் தவிக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. சொல்லும்போது உண்மையாகவே சொல்கிறார்கள். ஆனால் மறுநாள் சாயங்காலம் ஆனதும் கால் தானாக டாஸ்மாக் பக்கம் திரும்பிவிடுகிறது. தனியாக நிறுத்த முடியாதவர்களுக்கு உதவும் வழிகளில் ஒன்றுதான் ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? போனால் என்ன நடக்கும்?

ஏஏ என்றால் என்ன?

குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் குழு. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயில் சிக்கிய பில் என்ற பங்குத் தரகரும் பாப் என்ற டாக்டரும் தொடங்கியது. இது மருத்துவமனை அல்ல, அரசுத் திட்டமும் அல்ல. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேருவதற்கான தகுதி.

கட்டணம் உண்டா?

இல்லை. கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றி வரும். வாடகை, டீ செலவுக்கு விருப்பப்பட்டவர்கள் போடலாம். முதல் முறை வருபவர் எதுவும் போடத் தேவையில்லை.

கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

* ஏஏ இந்தியா இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களின் இடம், நாள், நேரம், தொடர்பு எண்கள் கிடைக்கும்.
* போவதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு போன் செய்வது நல்லது. இடமோ நேரமோ மாறியிருக்கலாம். தமிழில் நடக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.
* 'ஓப்பன்' கூட்டம் என்றால் குடும்பத்தினரும் வரலாம். 'குளோஸ்டு' என்றால் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்.
* வெளியே போகத் தயக்கம் என்றால் ஆன்லைன் கூட்டங்களும் உண்டு. வீடியோவை ஆஃப் செய்துவிட்டுக் கேட்கலாம்.
* 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணில் சிகிச்சை மையங்கள் பற்றி விசாரிக்கலாம்.

போனா என்ன நடக்கும்?

பள்ளி அறை, சர்ச் ஹால், சமூகக் கூடம் என எங்கு வேண்டுமானாலும் நடக்கும். சுமார் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒருவர் எழுந்து பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். எப்படிக் குடித்தேன், எதை இழந்தேன், எப்படி நிறுத்தினேன் என்று பேசுவார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். புதிதாக வந்தவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. "இன்னைக்கு கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும்.

இங்கே 'இனி வாழ்நாள் முழுக்க குடிக்க மாட்டேன்' என்ற சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்பது என்பதே கணக்கு. சில காலம் போன பிறகு, அனுபவமுள்ள ஒருவரை 'ஸ்பான்சர்' ஆக வைத்துக்கொள்ளலாம். குடிக்கத் தோன்றும் நேரத்தில் கடைக்குப் போவதற்குப் பதில் அவருக்குப் போன் செய்யலாம்.

தெரிஞ்சவங்க யாராவது இருந்தா?

பலரையும் வாசலோடு திருப்பி அனுப்புவது இந்தப் பயம்தான். அங்கே தெரிந்த முகம் ஒன்று இருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது ஏஏ-யின் அடிப்படை. முழுப் பெயர், முகவரி, சாதி, வேலை எதுவும் கேட்க மாட்டார்கள்.

கடவுள் நம்பிக்கை வேண்டுமா?

ஏஏ-யின் 12 படிகளில் 'கடவுள்' என்ற சொல் வருகிறது. ஆனால் அது எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

பலன் தருமா?

27 ஆய்வுகளில் பங்கேற்ற 10,565 பேரின் தகவல்களை அலசிய காக்ரேன் அறிக்கை 2020-ல் வெளியானது. குடியை முழுமையாக நிறுத்துவதில், ஏஏ கூட்டங்களில் முறைப்படி சேர்த்துவிடும் சிகிச்சை மற்ற பேச்சு சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தருவதாக அது சொன்னது. எல்லாருக்கும் இதே வழி ஒத்துவரும் என்று பொருள் அல்ல. ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போய்ப் பார்க்கலாம். நடுவில் மறுபடி குடித்துவிட்டாலும் திரும்பி வரலாம்.

கவனம்: இவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்தாகலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை முதலில் வரும். சிலருக்கு முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது போன்றவை தொடங்கலாம். இது உயிருக்கே ஆபத்து. வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ போதை மீட்பு மையத்தையோ முதலில் அணுக வேண்டும். ஏஏ கூட்டம் அந்த சிகிச்சைக்கு மாற்று அல்ல. சிகிச்சைக்குப் பிறகு கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும் கை அது.

அவர் வர மறுத்தா?

இழுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை. ஆனால் அதற்காக மனைவியும் அம்மாவும் பிள்ளைகளும் காத்திருக்க வேண்டியதில்லை. குடிப்பவரின் குடும்பத்தாருக்காகவே 'அல்-அனான்' என்ற தனிக் குழு இருக்கிறது. அவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், வீட்டில் இருப்பவர்கள் அங்கே போகலாம்.