மூன்று வாற் மின்சாரம்

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்ட சில நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாடு இருண்டது. தெற்கிலிருந்து வந்த மின்கம்பி செத்துப்போனது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், உரம், ரோச் பற்றரி எல்லாம் தடைப்பட்டன. மண்ணெண்ணெய் அளந்து வாங்கும் பொருளானது. வீடுகளில் றேடியோப் பெட்டிகள் இருந்தன. அவற்றுக்கு ஊட்ட மின்சாரம் இல்லை.

சைக்கிள் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தது.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தோ ஸ்டாண்டில் நிறுத்தியோ ஒருவர் பெடலைச் சுற்றுவார். டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் றேடியோவுக்குப் போகும். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. பிலிப்பைன்ஸிலிருந்து வெரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு. அடுத்த ஊரில் என்ன நடந்தது என்பதைக்கூட லண்டனும் மணிலாவும் சொல்லித்தான் அறிய வேண்டியிருந்த காலம் அது. அயலவர் கூடியிருந்து கேட்பார்கள். கை சோர்ந்தால் இன்னொருவர் பெடலை வாங்கிக்கொள்வார். கசெற் பாட்டும் இப்படித்தான் ஓடியது. மிதி தளர்ந்தால் பாட்டும் இழுபடும்.

வயரைக் கொண்டுபோய் நேரே செருகினால் றேடியோ பாடாது. சைக்கிள் டைனமோவின் உடம்பிலேயே 6 வோல்ற், 3 வாற் என்று பொறித்திருக்கும். ஆனால் அது தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியதோ ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். இடையில் நான்கு டயோட்களைப் பாலமாகக் கட்டி, ஒரு கப்பாசிற்றரால் அலையை மட்டப்படுத்த வேண்டும். அந்தப் பாலத்துக்கும் கூலி உண்டு: மின்னோட்டம் ஒவ்வொரு முறையும் இரண்டு டயோட்களைக் கடக்கிறது, சிலிக்கன் டயோட் ஒவ்வொன்றும் 0.7 வோல்ற் அளவில் விழுங்கிவிடும். 6 வோல்ற்றில் ஏறக்குறைய 1.4 வோல்ற் வாசலிலேயே போய்விடுகிறது. கப்பாசிற்றர் சிறிதாக இருந்தால் செய்தி வாசிப்பவரின் குரலுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. டைனமோவின் 3 வாற் முழுவதும் விளக்குக்கென்று கணக்கிட்டது. விளக்கில்லாமல் றேடியோவை மட்டும் மாட்டி வேகமாகச் சுற்றினால் அழுத்தம் 6 வோல்ற்றைத் தாண்டி ஏறி, ட்ரான்சிஸ்டர்களைக் கருக்கிவிடும். பல்பையும் சேர்த்தே எரியவிட்டால் உபரியை அது வாங்கிக்கொள்ளும். அல்லது அழுத்தத்தை ஒரு மட்டத்துக்கு மேல் ஏறவிடாத ஒரு செனர் டயோட் காவலுக்கு நிற்க வேண்டும்.

இவ்வளவு சிக்கனத்துக்கும் றேடியோ ஈடுகொடுத்ததற்குக் காரணம் அதன் சுற்றிலேயே இருந்தது. பழைய வால்வு றேடியோவாக இருந்தால் இது நடந்திருக்காது. வால்வின் இழையைச் சூடாக்கவே கணிசமான மின்சாரம் போய்விடும். 1947இல் பெல் ஆய்வுகூடத்தில் பிறந்த ட்ரான்சிஸ்டர் அந்தச் சூட்டை ஒழித்தது. ஆறேழு ட்ரான்சிஸ்டர் கொண்ட சிறு றேடியோவில் கடைசிக் கட்டத்தில் இரண்டு ட்ரான்சிஸ்டர்கள் ஒலி அலையின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று உழைக்கும்போது மற்றது ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். சத்தம் குறைந்தால் செலவும் குறையும். மெல்லக் கேட்டால் பத்து, இருபது மில்லி அம்பியர் போதும்: டைனமோவின் முழுத் திறனில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். சத்தத்தைக் கூட்டும்போது பெடல் கனக்கும் என்பதைச் சுற்றுபவரின் கையே அறிந்திருந்தது.

பற்றரியையும் எளிதில் எறியவில்லை. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள். ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விட்டார்கள். நாகம், கரி வகைப் பற்றரி பெரும்பாலும் உள்ளிருக்கும் பசை உலர்ந்தும் கழிவு வாயு தேங்கியும் சோர்கிறது. சூடும் ஈரமும் அதற்கு இன்னும் சில மணி நேர உயிர் கொடுத்தன. ஜாம் போத்தலின் அடியில் சிறிது மண்ணெண்ணெயும் மெல்லிய திரியுமாக எரிந்த சிக்கன விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்ததும் இதே கணக்கில்தான். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதை ஊர் விட்டுவிட்டது. எவ்வளவு இருந்தால் போதும் என்று மட்டும் கேட்டது.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் பெரும் இடப்பெயர்வில் தென்மராட்சிக்கும் அப்பாலும் நடந்தபோது, அந்தச் சைக்கிள்கள் மூட்டை சுமந்தன. யாழ்ப்பாண நகரம் டிசம்பரில் இராணுவத்தின் கைக்குப் போனது. பிறகு ஜெனரேற்றர் மின்சாரம் மெல்ல மெல்லத் திரும்பியது. நாட்டின் பொது மின்வலையோடு குடாநாடு மறுபடி இணைந்தது 2009இல் போர் முடிந்த பிறகுதான். டைனமோ றேடியோவுக்கு வேலை இல்லாமல் போனது.

எவ்வளவு இருந்தால் போதும் என்ற அந்தக் கேள்வியைத் தடையோ போரோ இல்லாத ஓர் ஊரும் கேட்டிருந்தது. சுவிற்சர்லாந்தின் நூஷாத்தெல் நகரில் கைக்கடிகாரப் பொறியியலாளர்களுக்கு ஒரு குட்டிப் பற்றரி ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டியிருந்தது. ட்ரான்சிஸ்டரை முழுதாகத் திறக்காமல், அது மூடியிருப்பதாகக் கருதப்படும் நிலையில் கசியும் மின்னோட்டத்தையே வேலைக்கு வாங்கினால் என்ன? எரிக் விட்டோஸும் ஜான் ஃபெல்ராத்தும் 1977இல் அந்த வழியை விரிவான கட்டுரையாக்கினார்கள். அங்கே பேச்சு மில்லி அம்பியரில் அல்ல, அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான நானோ அம்பியரில்.

கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் கார்வர் மீட் அதே கசிவில் வேறொன்றைக் கண்டார். வோல்ற் சிறிது ஏறினால் இந்த மின்னோட்டம் மடங்கு மடங்காகப் பெருகுகிறது. நரம்புக்கலத்தின் வாயில்களும் ஏறத்தாழ இப்படியே நடக்கின்றன. மிஷா மஹோவால்டோடு சேர்ந்து அவர் சிலிக்கனில் விழித்திரை செய்தார். 1989இல் அனலாக் சில்லுகளையும் நரம்பு மண்டலங்களையும் பற்றி நூல் எழுதினார். நரம்பு வலைகளைப் பின்பற்றும் இன்றைய இயந்திரக் கற்றலுக்கும் இந்த வழி பொருந்துகிறது. அதன் அடிப்படை வேலை எண்களைப் பெருக்கிக் கூட்டுவது. எண்ணுக்குப் பதில் மின் அளவையே கணக்காகக் கொள்ளும் அனலாக் சுற்றில் ஓமின் விதி பெருக்கித் தருகிறது. பல வயர்கள் ஒரு சந்தியில் கூடினால் மின்னோட்டம் தானே கூட்டுத்தொகையாகிறது. நினைவகத்துக்கும் கணிப்பானுக்கும் இடையே எண்களை ஓயாமல் சுமக்கும் செலவும் குறைகிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேத்தன் சிங் தாக்கூரின் குழு 2022இல் அறிவித்த ஆர்யபட்-1 சில்லு இந்த மரபில் வந்தது. கசிவு மின்னோட்டத்தில் ஓடும் சுற்றுக்கு வெப்பநிலை ஒரு தீராத தொல்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு ட்ரான்சிஸ்டர்கள்கூடத் துல்லியமாக ஒத்திருப்பதில்லை. தேவைக்கேற்ப வேகத்துக்கும் சிக்கனத்துக்கும் மாற்றிக்கொள்ளவும், சூடு ஏறி இறங்கினாலும் கணக்குப் பிசகாதிருக்கவும் அந்தச் சுற்றுகளை வகுத்திருப்பதாக அக்குழு சொன்னது.

ஆனால் வெளியே உள்ள கணினிகள் பேசுவது டிஜிற்றல் எண்களில்தான். உள்ளே வருவதை அனலாக் ஆக்கவும், விடையை மறுபடி எண்ணாக்கவும் மாற்றிகள் வேண்டும். பல அனலாக் சில்லுகளில் மிச்சம் பிடித்த மின்சாரத்தில் பெரும்பங்கை இந்த மாற்றிகளே தின்றுவிடுகின்றன. இன்றைய வடிவமைப்பாளர்கள் அதிகம் மல்லுக்கட்டுவது அவற்றோடுதான். மறுபடி வடக்குக்கு வந்தால், கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் இன்று மின், மின்னணுப் பொறியியல் படிக்கிறவர்களில் பலர் 1990 முதல் 1995 வரையான அந்த இருண்ட ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர்கள். டைனமோவைச் சுற்றிய கைகள் அவர்களில் சிலருடைய அப்பா அம்மாவுடையவை.